பெட்டகசாலையில் கிடக்கும் துப்பாக்கி யார் பொறுப்பு?

செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பல ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கின்றன. முன்னோரை வழிபடும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ பங்காளிகள் கூடும்போதுதான் கதவு திறக்கிறது. அப்படித் திறக்கும் வீடுகள் சிலவற்றில், பெட்டகங்கள் வைக்கும் பெட்டகசாலையில், பித்தளைச் சாமான்களுக்குப் பின்னால் சாக்கில் சுற்றிய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று அகப்படும். ஐயா பெயரில் இருந்த உரிமம் அவர் காலத்தோடு முடிந்திருக்கும். "இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், அடுத்த படைப்புக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு பெரியவர் சொல்வார். பெட்டகம் மறுபடி பூட்டப்படும். காரைக்குடியில் குற்றவியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் என்ற முறையில் சொல்கிறேன்: அதுவரை யார் மீதும் குற்றம் இல்லை. தெரிந்தே பூட்டியபோதுதான் அது தொடங்குகிறது.

ஏன் என்பதை நீதிமன்றத் தீர்ப்புகளே விளக்குகின்றன. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 3வது பிரிவில், உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்கிறது. ஆனால் 'வைத்திருத்தல்' எதைக் குறிக்கும்? குன்வந்த்லால் வழக்கில் 1972இல் உச்ச நீதிமன்றம் இரண்டு அம்சங்களைப் பார்த்தது: பொருள் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதன்மேல் அவருக்குக் கட்டுப்பாடு இருக்க வேண்டும். கையில் இருந்தாக வேண்டும் என்பதில்லை. 1994இல் சஞ்சய் தத் வழக்கில் அரசியல் சாசன அமர்வும் அறிந்தே வைத்திருப்பதைத்தான் வலியுறுத்தியது. இதைப் பின்பற்றித்தான், விமான நிலையத்தில் பயணியின் பையில் பழைய தோட்டா ஒன்று அகப்பட்டுப் பதிவான வழக்குகள் பலவற்றை, அது இருந்ததே அவருக்குத் தெரியாது என்ற அடிப்படையில், டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ விமானம் ஏறுகிறவர்கள், ஊர் வீட்டிலிருந்து எடுத்த பழைய பெட்டியை ஒருமுறை முழுதாகக் கொட்டிப் பார்த்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

இந்தத் தீர்ப்புகள் இரண்டு பக்கமும் வெட்டும். பங்காளிகள் பலருக்கும் பொதுவான பங்கு வீட்டில் சோதனை நடந்தால் முதலில் பிடிபடுகிறவர் பெரும்பாலும் சாவி வைத்திருக்கும் காவலாளிதான். பூட்டிய பெட்டகத்துக்குள் என்ன இருக்கிறது என்று அறியாத அந்த மனிதர் கடைசியில் விடுதலை ஆகலாம். அதற்குள் சிறையும் ஜாமீனும் வாய்தாவுமாக அவர் குடும்பம் நொறுங்கிப்போகும். எனக்கு இதுதான் ஆறாத வருத்தம். அதே சமயம், துப்பாக்கியைக் கண்ணால் பார்த்துவிட்டு, பூட்டச் சொல்லிவிட்டுக் கோலாலம்பூருக்குத் திரும்பிய பங்காளி தப்பிவிட்டதாக நினைக்கக் கூடாது. தெரிந்திருந்தது, கட்டுப்பாடும் இருந்தது. 1972 தீர்ப்பின்படி தூரம் அவரைக் காப்பாற்றாது.

தண்டனையும் முன்போல் இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டுகள், அதிகபட்சம் 5 ஆண்டுகள் சிறை.

"அது சுடவே சுடாது, வெறும் பழம்பொருள்" என்பார்கள். 45வது பிரிவு அப்படிப்பட்ட ஆயுதத்துக்கு விலக்கு தருவது உண்மைதான். ஆனால் அதன் வாசகத்தைக் கூர்ந்து படிக்க வேண்டும்: பழுது நீக்கினாலும் நீக்காவிட்டாலும் சுடப் பயன்படாததாக அது இருக்க வேண்டும். குதிரை (துப்பாக்கியின் விசை) ஒடிந்திருக்கிறது, துரு ஏறியிருக்கிறது என்பது மட்டும் போதாது. ஒரு மெக்கானிக் சரிசெய்துவிடக் கூடியது துப்பாக்கிதான். அதை முடிவுசெய்பவர் தடய அறிவியல் நிபுணர். அவர் அறிக்கை வருவது வழக்குப் பதிவான பிறகு. இந்த நம்பிக்கையில் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இன்னும் பெரிய ஆபத்தில் கால் வைக்கிறார்கள். சட்டவிரோத விற்பனைக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டுகள்.

அரசுத் தரப்புக்கும் கட்டுப்பாடு உண்டு. 3வது பிரிவை மீறிய குற்றத்துக்கு மாவட்ட மாஜிஸ்திரேட் அதிகாரம் கொண்ட ஆட்சியரின் முன் அனுமதி இல்லாமல் வழக்குத் தொடர முடியாது என்கிறது 39வது பிரிவு. அந்த அனுமதி இல்லையென்றால் வழக்கு நிற்பது கடினம். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டத்தவர்கள் வழக்கை ரத்து செய்யக் கோரி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குத்தான் போக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அந்த மனுக்கள் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 528வது பிரிவின்கீழ் போடப்படுகின்றன. ஆனால் அது இறுதிப் புகலிடம். வழக்கு நிலுவையில் இருக்கும் காலத்தில் பாஸ்போர்ட் புதுப்பிக்கவும் வெளிநாடு போகவும் நீதிமன்ற அனுமதி தேவைப்படும். வெளிநாட்டில் பிழைப்பு இருக்கிறவர்களுக்கு அதுவே பாதித் தண்டனை.

உரிமம் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. குற்ற வழக்கு நிலுவையில் இருப்பது மட்டுமே உரிமத்தை ரத்து செய்யக் காரணமாகாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. தேர்தல் வந்தால் எல்லாரும் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் என்ற பொதுவான உத்தரவையும் அதே நீதிமன்றம் 2024இல் ஏற்கவில்லை. தனித்தனியாகப் பரிசீலித்துக் காரணம் காட்ட வேண்டும் என்றது. இவை தமிழகத்தில் எடுத்துக்காட்டப் பயன்படும், கட்டுப்படுத்தாது. அலைபேசியில் வந்த வடநாட்டுத் தீர்ப்பை நம்பிக் காவல் நிலையத்தில் வாதாட வேண்டாம். இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தெளிவாகச் சொன்னதையும் மறக்க வேண்டாம்.

சரி, பெட்டகத்தில் கண்டுபிடித்துவிட்டீர்கள், என்ன செய்வது? குதிரையை இழுத்துப் பார்க்காதீர்கள். உள்ளே தோட்டா இருக்கலாம். பழைய தோட்டாப் பெட்டியையும் கிளறாதீர்கள். காரில் போட்டுக்கொண்டும் போகாதீர்கள். அன்றே காவல் நிலையத்துக்கு எழுத்தில் தகவல் கொடுத்து, அவர்கள் சொல்கிற முறைப்படி ஒப்படையுங்கள். வைத்திருக்கும் உரிமை முடிந்துபோன ஆயுதத்தைத் தேவையற்ற தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும் என்பதே 21வது பிரிவு. எப்போது, யார் கண்டார்கள், வீட்டில் அப்போது யார் யார் இருந்தார்கள் என்பதைக் கடிதத்தில் எழுதுங்கள். நாளை 'அறிந்தே வைத்திருந்தாரா' என்ற கேள்வி எழுந்தால் பதில் சொல்லப்போவது அந்தக் கடிதம்தான்.

குடும்பச் சொத்தாக அதை வைத்துக்கொள்ள விரும்பினால், ஒப்படைத்த பிறகு, வாரிசு என்ற முறையில் 2016 ஆயுத விதிகளின்படி ஆட்சியரிடம் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் கிடையாது. மற்ற வாரிசுகளின் சம்மதத்தை முன்னதாகவே எழுதி வாங்கிவிடுங்கள். நிலையத்தில் தரும் ரசீதில் துப்பாக்கியின் எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அதன் நகல் பங்காளிகள் அனைவரிடமும் இருக்கட்டும். வீட்டைக் காக்கிறவரிடமும் ஒன்று கொடுத்துவிடுங்கள்.