மலைக்கோவில் பாறையைப் படிப்பது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது சிதறால். ஊர்க்காரர்களுக்கு அது மலைக்கோவில்தான். உச்சியில் பெரிய பாறை ஒன்று கூரைபோல முன்னால் நீண்டிருக்கும். அதன் அடியில் பகவதி கோயில். அதே பாறையின் முகத்தில், மூன்று அடுக்குக் குடையான முக்குடையின் கீழ் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், அதாவது சமணர் வணங்கும் அருகர்கள். தலைக்குமேல் பாம்பு படமெடுத்திருந்தால் அவர் பார்சுவநாதர். சிங்கத்தோடு நிற்பவள் அம்பிகா இயக்கி, சமணரின் காவல் தெய்வம்.

ஒரே இடத்தில் இரண்டு சமயம் எப்படி? கோயில் கைமாறும்போது விளக்கு மாறும், பூசை மாறும், கருவறைத் தெய்வத்தின் பெயர் மாறும். தாய்ப்பாறையிலேயே செதுக்கிய புடைப்புச் சிற்பத்தை மட்டும் எடுத்துப்போக முடியாது, உடைத்தால்தான் போகும். இங்கே யாரும் உடைக்கவில்லை. எனக்கு இந்த மலையில் மிகவும் பிடித்தது அதுதான். 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் இது பகவதி கோயிலானது. தீர்த்தங்கரர்கள் இன்றும் வாசலில் இருக்கிறார்கள்.

சரி, அதற்கு முந்தைய கதை எப்படித் தெரியும்? கல்வெட்டுதான். தேய்ந்த எழுத்தைக் கண்ணால் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். அதனால் மைப்படி எடுப்பார்கள். கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, கெட்டியான தூரிகையால் தட்டுவார்கள். தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கிவிடும். அப்புறம் மை தோய்த்த பொதியால் மேலே ஒற்றினால், மேடு கறுக்கும், பள்ளம் வெள்ளையாகவே நிற்கும். கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்து! எழுத்து வட்டெழுத்தா (தமிழ் எழுதப் பயன்பட்ட பழைய வளைவெழுத்து), அதன் வளைவு எப்படி என்று பார்த்தால் நூற்றாண்டு பிடிபடும். அரசன் பெயரும் ஆட்சியாண்டும் இருந்தால் இன்னும் நெருங்கலாம்.

இங்குள்ள ஒரு கல்வெட்டு ஆய் மரபு அரசன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பேராயக்குடி அரிட்டநேமி பட்டாரரின் மாணவி குணந்தாங்கி குரத்திகள், திருச்சாரணத்துமலை, அதாவது இதே மலையின், பட்டாரியார் என்ற தெய்வத்துக்குப் பொன் அணி கொடுத்ததை அது சொல்கிறது. குரத்தி என்றால் பெண் குரு. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் நம் மாவட்டத்து மலையில் ஒரு பெண் துறவி கொடையாளியாக நிற்கிறார். ஒரு தாள், கொஞ்சம் மை, இவ்வளவில் அவர் நமக்குக் கிடைத்துவிட்டார்.

நாகர்கோவில் நாகராஜா கோயிலும் இப்படித்தான். அங்கே தூண்களில் தீர்த்தங்கரர்கள். 16-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் குணவீர பண்டிதன், கமலவாகன பண்டிதன் என்று சமணர் பெயர்கள்.

சிதறால் இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. போனால், எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ் தேய்க்காதீர்கள். கைபேசி டார்ச்சைக் கல்லோடு ஒட்டி, பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தானாக எழும்பும்.