கைமாறிய யார்டில் யாரிடம் கேட்பது?

மணலி, மாதவரம், திருவொற்றியூர் வட்டாரத்தில் சரக்குப்பெட்டக யார்டுகளுக்கும் லாரி நிறுவனங்களுக்கும் மனிதவள ஆலோசனை வழங்கிவருகிறேன். சிறு நிறுவனங்களை ஒவ்வொன்றாக வாங்கி வளரும் நிர்வாகங்களில் நான் மீண்டும் மீண்டும் காணும் கோளாறு, முடிவெடுக்கும் அதிகாரம் யார்டைவிட்டு வெளியேறி எங்கும் போய்ச் சேராமல் நிற்பதுதான்.

விற்பதற்கு முன் முதலாளி யார்டிலேயே இருப்பார். திருமணச் செலவுக்கு முன்பணம் வேண்டுமென்று மேஸ்திரி மூலம் சொல்லியனுப்பினால் மாலைக்குள் பதில் வந்துவிடும். விற்ற பிறகும் பலர் அதே அறையில் மேலாளராகத் தொடர்கிறார்கள். ஆனால் விலையில் ஒரு பகுதி அடுத்த சில ஆண்டுகளின் லாபத்தைப் பொறுத்தே கிடைக்கும் என்று ஒப்பந்தம் இருந்தால், பெட்டகங்களைத் தூக்கி அடுக்கும் ரீச் ஸ்டேக்கர் வண்டியின் பிரேக்கைப் பழுதுபார்க்கும் செலவைக்கூடத் தள்ளிப்போட அவருக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது. பராமரிப்புச் செலவை அந்த லாபக் கணக்கில் சேர்க்காமல் ஒப்பந்தம் எழுதுவது வாங்குபவரின் கடமை என்பேன்.

தீபாவளி நெருங்கும்போது பூசல் வெளிப்படும். போனஸ் 8.33 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது, 20 விழுக்காட்டுக்கு மிகக்கூடாது என்பது சட்டம். 20 கொடுத்துவந்த யார்டும் 8.33 மட்டும் கொடுத்துவந்த யார்டும் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் வந்தபின், ஒரே வேலை செய்யும் இருவருக்கு இரு விதமாகக் கொடுப்பதற்கு மேலாளரால் காரணம் சொல்ல முடிவதில்லை. அவர் தலைமை அலுவலகத்தைக் கைகாட்டுவார், அங்கிருந்தோ பதில் வராது.

பங்குகள் மட்டும் கைமாறினால் சட்டப்படி முதலாளி மாறுவதில்லை, பணித்தொடர்ச்சியும் அறுபடாது. தொழிலே வேறொரு முதலாளிக்கு மாற்றப்பட்டால், 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின் 25எஃப்எஃப் பிரிவு மூன்று நிபந்தனைகளை வைத்தது: பணி தடைபடக்கூடாது, பணி நிபந்தனைகள் முன்பைவிடத் தாழக்கூடாது, பின்னாளில் ஆட்குறைப்பு நேர்ந்தால் பழைய சேவைக்காலத்தையும் சேர்த்து இழப்பீடு தரும் பொறுப்பு புதிய முதலாளிக்கு இருக்க வேண்டும். இவை நிறைவேறாவிட்டால் தொழிலாளருக்கு இழப்பீடு உண்டு. 2020-ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் இந்தப் பாதுகாப்பு தொடர்கிறது.

இருந்தும், புதிய நியமன ஆணையில் சேர்ந்த தேதியாக அன்றைய தேதியையே எழுதிக் கையெழுத்து வாங்குவது வழக்கமாகிவிட்டது. பணிக்கொடைக்கான ஆண்டுகளை அந்த ஒரு வரி விழுங்கிவிடக்கூடும். கையெழுத்திடும் முன் பழைய தேதி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சம்பளச் சீட்டுகளையும் பி.எஃப். கணக்கு விவரங்களையும் பத்திரப்படுத்துங்கள். நிர்வாகத்தினர், முன்பணம், விடுப்பு, அவசரப் பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு அங்கேயே ஒப்புதல் தரக்கூடிய ஒருவரை, கைமாறும் நாளன்றே பெயர் சொல்லி ஒவ்வொரு யார்டிலும் அறிவித்துவிடுங்கள்.