ராத்திரி முழுக்க ஊறப்போட்டாலும் காட்மியம் கரையாது

எண்ணூர்க் கடலில் ஆலைக் கழிவு கலக்கும் பேச்சு எழும்போதெல்லாம் அந்த யோசனையும் வாட்ஸ்அப்பில் கூடவே கிளம்பிவிடுகிறது: "சிப்பியை ஒரு ராத்திரி உப்புத் தண்ணீரில் போட்டு வையுங்கள், அழுக்கெல்லாம் கக்கிவிடும். அப்புறம் எந்த இடத்துச் சிப்பியையும் பயமில்லாமல் சாப்பிடலாம்." இந்த வாரமும் வந்தது.

கக்கும், மறுக்கவில்லை. மணலைக் கக்கும், சேற்றைக் கக்கும். சுத்தமான கடல்நீரை ஓடவிட்டு இரண்டு நாள் வைத்தால் ஈ.கோலை போன்ற பாக்டீரியாவும் நன்றாகக் குறையும். இதெல்லாம் குடலில் கிடப்பவை. கழிவோடு வரும் ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் திசுவுக்குள்ளேயே போய்விட்டவை. காட்மியம் மெட்டலோதயோனின் என்ற புரதத்தோடு பிணைந்து உட்கார்ந்துகொள்ளும். சுத்தமான நீருக்கு மாற்றினாலும் பாதியாகக் குறையவே வாரங்கள், பல நேரம் மாதங்கள் ஆகும். உங்கள் வீட்டு அண்டாவில் எட்டு மணி நேரத்தில் என்ன போய்விடும்?

சீக்கிரம் போகாது என்பதால்தானே சிப்பியை வைத்துக் கடலைக் கண்காணிக்கிறோம்! பாட்டிலில் பிடித்த நீர் அந்த நிமிடத்து நிலையை மட்டுமே சொல்லும். ராத்திரி திறந்துவிட்ட ஆலைக் கழிவு விடிவதற்குள் ஓதத்தோடு போயிருக்கும். பச்சைச் சிப்பி இடம்விட்டு நகராது, மணிக்கு லிட்டர் கணக்கில் நீரை வடிகட்டும், வந்த உலோகத்தைச் சேர்த்து வைக்கும். அமெரிக்கக் கடல் வேதியியலாளர் எட்வர்ட் கோல்ட்பர்க் 1975-ல் முன்வைத்த 'மஸ்ஸல் வாட்ச்' (சிப்பியைக் கொண்டு கடல் மாசைக் கண்காணிப்பது) யோசனைக்கு அடிப்படையே இதுதான். அமெரிக்காவில் அது 1986 முதல் நடக்கிறது. குடல் சேறு கணக்கில் சேராமலிருக்கப் பல ஆய்வுகளில் சிப்பியை ஒரு நாள் சுத்தமான கடல்நீரில் விடுவதுண்டு. அதிலேயே காட்மியமும் போய்விடும் என்றால் மறுநாள் ஆய்வு செய்யும் நாங்கள் எதை அளப்பது?

"வேகவைத்தால்?" உலோகம் கிருமியல்ல, சாவதற்கு. வேகவைத்த தண்ணீரில் கொஞ்சம் இறங்கும். அதைத்தான் குழம்பில் ஊற்றிவிடுகிறீர்களே. சதை நீர் வற்றிச் சுருங்குவதால் கிராமுக்கு இவ்வளவு என்ற கணக்கு கூடவும் செய்யும். புளியோ பூண்டோ சேர்த்தால் போகுமா என்றாலும் இதே பதில்தான்.

எதிர்ப்பக்கத்துப் பீதியும் குறைவில்லை. ஆய்வறிக்கையில் காட்மியம் கிலோவுக்கு 4 மில்லிகிராம் என்றிருக்கும். ஐரோப்பிய வரம்பு 1 மில்லிகிராம், ஆகவே நான்கு மடங்கு விஷம் என்று செய்தி வரும். அறிக்கையில் இருப்பது உலர் எடை (சதையின் நீரை நீக்கிய பின் எடுத்த எடை), வரம்பு ஈர எடைக்கு (நீரோடு உள்ள எடை). சதையில் சுமார் 80 சதவீதம் நீர் என்றால் அந்த 4 என்பது ஈர எடையில் 0.8. எந்த எடை என்று கேட்காமல் தயவுசெய்து பகிராதீர்கள்.

மாதிரி எடுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரே அளவுச் சிப்பிகளாக, 5 முதல் 6 செ.மீ. ஓடு உள்ளவையாக, 20, 25 சேர்த்து எடுங்கள். சினை விடும் பருவத்தில் வேண்டாம்: சதை எடை சரிந்து, உலோகம் திடீரென ஏறியதுபோல் காட்டும். குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகுக் கத்தியால் அறுத்துவிட்டு குரோமியம் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். கடலில் துத்தநாகம் எவ்வளவு என்று அறியப் பச்சைச் சிப்பியை நம்பவும் வேண்டாம், அது தன் உடம்பில் துத்தநாகத்தை ஓரளவு தானே கட்டுப்படுத்திக்கொள்ளும்.

சாப்பிடுகிறவர்களுக்கு: எங்கே எடுத்தது என்று கேளுங்கள். துறைமுகத் தூண், படகின் அடிப்பகுதி, ஆலைக் கழிவு கலக்கும் முகத்துவாரம் என்றால் எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள். நண்டு ஓட்டுக்குள் பழுப்பும் மஞ்சளுமாக இருப்பதை வழித்துக் குழந்தைக்கு ஊட்டாதீர்கள், காட்மியம் சேருமிடம் அதுதான். (பாதரசம்தான் கவலையென்றால் சிப்பியைப் பற்றி யோசிக்காமல் சுறாவைக் குறையுங்கள்.) காட்மியத்துக்கு மாதத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு 25 மைக்ரோகிராம் என்பது சர்வதேச வல்லுநர் குழு 2010-ல் வகுத்த வரம்பு, 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒன்றரை மில்லிகிராம். அதில் ஒரு பங்கை அரிசியும் காய்கறியும் முன்பே எடுத்துக்கொண்டிருக்கும். இரும்புச்சத்து குறைந்த உடம்பு காட்மியத்தைக் கூடுதலாக உறிஞ்சும். அதனால் ரத்தசோகை உள்ள பெண்களும் கர்ப்பிணிகளும் எங்கே எடுத்ததென்று தெரியாத சிப்பியையும் மட்டியையும் தொடவே வேண்டாம் அம்மா.