வெட்டாமல் விடுகிற நாலு சென்டிமீட்டர்

கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது கீலைப் பார்த்தாலே தெரியும். மரம் விழுவதும் அப்படித்தான். முன்பக்கம் ஆப்பு வடிவில் வெட்டியெடுத்த ஒரு வாய், பின்பக்கம் ஒரு வெட்டு, நடுவே அறுக்காமல் விட்ட ஒரு கீற்று மரம். சாய்கிற மரத்தைக் குறித்த பக்கம் கொண்டுபோய்ப் படுக்க வைப்பது அந்தக் கீற்றுதான்; மரத்துக்கு அதுதான் கீல். மெஷின் ரம்பம் வாங்கிய புதிதில் பலரும் அதையும் சேர்த்து அறுத்துவிடுகிறார்கள். அதன்பிறகு மரம் யார் பேச்சையும் கேட்காது.

ஒரு தைலமரத்தை எடுத்துக்கொள்வோம். வெட்டும் இடத்தில் கயிறு பிடித்தால் சுற்றளவு 126 செ.மீ. அதை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் 40. உயரம் பார்க்க ஒரு குச்சி போதும். கையை நீட்டிக் குச்சியைச் செங்குத்தாகப் பிடியுங்கள். கண்ணிலிருந்து பிடி வரை எவ்வளவு தூரமோ, அவ்வளவு நீளம் பிடிக்கு மேலே நிற்க வேண்டும். பிடி மரத்தின் அடியோடும், குச்சியின் நுனி உச்சியோடும் பொருந்தும்வரை பின்னால் போங்கள். அங்கிருந்து மரம் வரையுள்ள தூரம்தான் உயரம். 15 மீட்டர் என்றால், சுற்றிலும் 30 மீட்டருக்குள் அறுப்பவரைத் தவிர வேறு ஆள் நிற்கக் கூடாது. அந்த எல்லைக்குள் மின்கம்பி இருந்தால், மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தும்வரை ரம்பத்தைத் தொட வேண்டாம்.

சாய்வைக் கண்ணால் மட்டும் எடைபோட்டால் ஏமாறுவோம். மேஸ்திரியின் தூக்குக்குண்டை எட்ட நின்று பிடித்து, ஒன்றுக்கொன்று செங்கோணமான இரண்டு பக்கங்களிலிருந்து பார்க்க வேண்டும். தண்டு நேராக இருந்தாலும் கிளையெல்லாம் ஒரே பக்கம் அடர்ந்திருந்தால் எடை அந்தப் பக்கம்தான் இழுக்கும். அடியில் கோடாலியின் பின்பக்கத்தால் தட்டுங்கள். பொக்கென்று கேட்டால் உள்ளே பொந்து. பொந்து விழுந்த புளியிலும் தூங்குமூஞ்சியிலும் கீல் நிற்கும் என்று நம்ப முடியாது. மேலிருந்து துண்டு துண்டாக இறக்குவதே வழி. ஒதுங்கும் வழியையும் முன்பே செத்தை, கல் இல்லாமல் ஒழுங்கு செய்ய வேண்டும். நேர் பின்னால் ஓடக் கூடாது, அடிமரம் சில சமயம் பின்னோக்கிச் சறுக்கும். பின்பக்கம் வலமோ இடமோ 45 பாகை ஒதுங்கிப் போக வேண்டும்.

விழ வேண்டிய பக்கத்தில் முதலில் வாய் போடுவார்கள். மேலிருந்து சரிவாக ஒரு வெட்டு, கீழே ஒரு வெட்டு. ஆழம் விட்டத்தில் கால் பங்குக்குள். நம் மரத்துக்கு 9 செ.மீ. போதும். வாய் 45 பாகை திறந்திருந்தால் மரம் பாதி சாய்ந்ததும் மூடிக்கொள்ளும், கீல் முறியும், மீதி தூரம் மரம் தன்னிஷ்டத்துக்குப் போகும். 70 பாகைக்குக் குறையாமல் திறந்தால் ஏறக்குறைய தரை வரை கீல் கூடவே வரும். இரண்டு வெட்டும் ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும். ஒன்று 1 செ.மீ. கூடுதலாக உள்ளே போனாலும் அந்தச் சிறு பிளவுதான் முதலில் மூடும். மரம் கொஞ்சம் சாய்ந்ததுமே கீல் அறும், இல்லாவிட்டால் தண்டு பிளக்கும். வாயைத் துடைத்துவிட்டு, உள்மூலையில் விரல் ஓட்டிப் பார்ப்பது பத்து விநாடி வேலை.

பின்வெட்டு அந்த மூலையைவிட 2, 3 செ.மீ. மேலே, கிடைமட்டமாக. கீலின் கனம் விட்டத்தில் பத்தில் ஒன்று, அதாவது 4 செ.மீ. இரண்டு ஓரத்திலும் ஒரே கனம் இருக்க வேண்டும். பல் ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் அரம் போட்ட செயின், வெட்டை வளைத்துக்கொண்டு போகும். ஒரு ஓரம் 4, மறு ஓரம் 2 என்று ஆகிவிடும். செதில் செதிலாக விழாமல் மாவாகத் தூள் கொட்டினால், நிறுத்தித் தீட்டுகிற நேரம் வந்துவிட்டது.

ரம்பத்தின் பார், அதாவது செயின் ஓடும் நீளத் தகடு, உள்ளே மறைந்ததும் பின்னால் ஆப்பு இறங்க வேண்டும். பிளாஸ்டிக் அல்லது மர ஆப்பு. இரும்பில் செயின் பட்டால் பல் போகும். ஆப்பில்லாமல் மரம் பின்னால் உட்கார்ந்துவிட்டால், ஆப்பசைத்த குரங்கின் வால் மாதிரிதான் நம் பார். கணக்கைப் பாருங்கள்: வாய் 9, கீல் 4 போக மீதி 27 செ.மீ. அதன் பின்விளிம்பை ஆப்பு 2 செ.மீ. தூக்கினால், 15 மீட்டர் மேலே உச்சி சுமார் 1.1 மீட்டர் முன்னால் நகர்கிறது. நேராக நிற்கிற மரத்துக்கு அதுவே தாராளம்.

முன்பக்கம் நன்றாகச் சாய்ந்த மரத்தில் கதை வேறு. அங்கே பின்பக்க நார்கள் ஏற்கெனவே முறுக்கிய கயிறுபோல் இழுபட்டு நிற்கின்றன. பின்னாலிருந்து அறுத்துக்கொண்டே போனால், கீல் மெலிவதற்குள் மரம் கிளம்பிவிடும். வளைய முடியாத தண்டு நாரோடு நெட்டுக்குப் பிளந்து, பின்பாதி ஆள் தலைக்குமேல் எழும்பி உதைக்கும். நார் நேராக ஓடும் தைலமரத்தில் இந்த ஆபத்து அதிகம். மாற்று வழி: பக்கவாட்டில் பாரைக் குத்தி உள்ளே இறக்கி, முதலில் கீலை உருவாக்கிவிட்டு, பின்பக்கம் ஒரு கீற்று மரத்தை மட்டும் அறுக்காமல் விட வேண்டும். கடைசியில் அந்தக் கீற்றை வெளியிலிருந்து அறுத்தால் மரம் ஒரே மூச்சில் சாயும். குத்தும்போது பார் நுனியின் கீழ்ப்பாதிதான் முதலில் மரத்தைத் தொட வேண்டும். மேல்பாதி தொட்டால், விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும் செயின் அங்கே மாட்டி, ரம்பத்தையே முகத்தை நோக்கித் தூக்கி எறியும்.

எல்லா மரத்துக்கும் இந்த அளவுகள் அப்படியே பொருந்தாது. முருங்கை நார் பிடிக்காத மரம், கீல் பொட்டென்று போய்விடும். கயிறு கட்டாமல் நம்பக் கூடாது. தென்னைக்கு வெளிப்புறம்தான் உறுதி, நடுவில் சோறு. அதனால் கீலின் வலுவெல்லாம் இரண்டு ஓரத்தில்தான் இருக்கும். அங்கே தவறி அறுத்துவிட்டால் நடுவில் எத்தனை சென்டிமீட்டர் விட்டும் பயனில்லை.

2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துப்போட்டது போன்ற மரங்களை அறுக்கும்போது கீல் பற்றிய கவலை கிடையாது. எந்தப் பக்கம் இறுக்கம், எந்தப் பக்கம் இழுவை என்று பார்க்க வேண்டும். இரண்டு முனையும் தாங்கி நடுவே தொங்கும் தண்டில் மேல்பக்க நார்கள் நெருக்குண்டு இறுகியிருக்கும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்து, மீதியைக் கீழிருந்து முடிக்க வேண்டும். வேரோடு பெயர்ந்த மரத்தில், தண்டின் எடை போனதும் வேர்த்தட்டு மண்ணோடு திரும்பக் குழிக்குள் விழலாம். அறுக்கத் தொடங்குமுன் அந்தக் குழியில் பிள்ளைகளோ ஆடோ இல்லை என்று பார்த்து, ஓர் ஆளை அங்கே எட்ட நிற்க வைத்துவிட்டுத்தான் ரம்பத்தை ஸ்டார்ட் செய்ய வேண்டும்.