ஐந்நூற்றொரு வாக்குகளும் ஒரு மாவட்டத்தின் ஆசனங்களும்

மதப் பழைமைவாதிகளின் அரசியல் செல்வாக்கைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக அவர்களுடைய எண்ணிக்கையைத்தான் கேட்கிறோம். ஆனால் இலங்கையின் கிழக்கிலுள்ள மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் தேர்தல் கணக்கைப் போட்டுப் பார்த்தால், அந்தச் செல்வாக்கின் பெரும்பகுதி வாக்குகளை ஆசனங்களாக மாற்றும் விதிகளிலிருந்தே பிறக்கிறது என்பது விளங்கும்.

பாராளுமன்றத்தின் 225 உறுப்பினர்களில் 196 பேர் மாவட்டவாரியாகத் தெரிவாகின்றனர். மட்டக்களப்புக்கு 5 ஆசனங்கள், திகாமடுல்லை என்ற பெயரில் அம்பாறைக்கு 7. செல்லுபடியான வாக்குகளில் 5 சதவீதத்தை எட்டாத கட்சி முதலில் நீக்கப்படும். அதிக வாக்குப் பெற்ற கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் கிடைக்கும். மற்ற ஆசனங்களின் எண்ணிக்கையால் எஞ்சிய வாக்குகளை வகுத்து வரும் தொகைக்கு ஓர் ஆசனம் என்ற வீதத்தில் பங்கீடு நடக்கும். அதன் பின்னும் மிஞ்சும் ஆசனங்கள் பெரிய மீதியை வைத்திருக்கும் கட்சிகளுக்குப் போகும்.

5 ஆசனங்கள் கொண்ட ஒரு கற்பனை மாவட்டத்தில் முதற்கட்சி 1,00,000 வாக்குகளும், இரண்டாவது 99,000 வாக்குகளும், மூன்றாவது 61,000 வாக்குகளும் பெற்றதாக வைத்துக்கொள்வோம். போனஸ் ஆசனம் முதற்கட்சிக்கு. மொத்தம் 2,60,000 வாக்குகளை 4 ஆல் வகுத்தால் 65,000 வரும். ஆகவே முதலிரு கட்சிகளுக்கும் ஒவ்வோர் ஆசனம் கிடைத்து, முறையே 35,000, 34,000 வாக்குகள் மீதியாகின்றன. மிஞ்சிய இரண்டு ஆசனங்களில் ஒன்று 61,000 வாக்குகளுடன் நிற்கும் மூன்றாவது கட்சிக்கும், மற்றது 35,000 வைத்திருக்கும் முதற்கட்சிக்கும் சேரும். முடிவு 3, 1, 1. இப்போது முதற்கட்சியின் வாக்காளர்களில் 501 பேர் மட்டும் இரண்டாவது கட்சிக்கு மாறினால், போனஸ் ஆசனமும் கடைசி மீதி ஆசனமும் ஒருசேரக் கைமாறி, முடிவு 1, 3, 1 என்று தலைகீழாகிவிடும். ஊருக்குள் 501 பேரை ஒரே முடிவுக்குக் கொண்டுவரக்கூடியவரை எந்த வேட்பாளரும் பகைத்துக்கொள்ளத் துணியமாட்டார். எல்லாத் தேர்தலும் இவ்வளவு நெருக்கமாக முடிவதில்லை என்பது உண்மைதான். ஆனால் எது நெருக்கமாக முடியும் என்பது பிரசார காலத்தில் எவருக்கும் தெரியாது.

விருப்பு வாக்கு இந்தப் பலத்தை இன்னும் கூட்டுகிறது. வாக்காளர் சின்னத்துக்கு ஒரு புள்ளடியிட்ட பின், அதே கட்சியின் வேட்பாளர்களில் மூவர் வரை இலக்கத்தால் தெரிவுசெய்யலாம். மட்டக்களப்பில் ஒரு கட்சி 8 வேட்பாளர்களையும் அம்பாறையில் 10 வேட்பாளர்களையும் நிறுத்துவதால், ஒரே கட்சிக்காரர்கள் ஒருவரோடொருவர் மோதுகின்றனர். கொள்கை வேறுபாடு இல்லாத அந்த மோதலில், எந்த மூன்று இலக்கங்கள் என்பதை வீடுவீடாக ஒரே மாதிரிச் சொல்லக்கூடிய கட்டமைப்பு யாரிடம் இருக்கிறதோ அவரே பலசாலி.

அந்தக் கட்டமைப்பு வழிபாட்டிடங்களிடம் ஏற்கெனவே உண்டு. பள்ளிவாசலுக்கு மஹல்லா என்ற எல்லையும், நம்பிக்கையாளர் சபையும், வாரந்தோறும் கூடும் ஜும்ஆத் தொழுகையும் இருக்கின்றன. மட்டக்களப்பின் பல சைவக் கோயில்களில் வண்ணக்கர்மார் எனப்படும் கோயில் நிர்வாகிகள் குடிவாரியாக, அதாவது தாய்வழிக் குலங்களின்படி, பொறுப்பேற்பதால் அதிகாரம் பங்குபோடப்பட்டுக் கிடக்கிறது. அவை ஒரே அரசியல் குரலில் பேசுவது அரிது என்பதற்கு, பக்தியின் அளவைவிட இந்த அமைப்பே காரணம் என்பது என் கணிப்பு.

கட்டமைப்பையும் பழைமைவாதத்தையும் ஒன்றாக்கிவிடவும் கூடாது. அம்பாறை மாவட்டத்தின் சாய்ந்தமருதுக்குத் தனி உள்ளூராட்சி சபை வேண்டும் என்ற கோரிக்கையை ஊர்ப் பெரிய பள்ளிவாசல் முன்னெடுத்தது. 2018 உள்ளூராட்சித் தேர்தலில் அதன் ஆதரவுடன் தோடம்பழச் சின்னத்தில் நின்ற சுயேச்சைக் குழு பெரிய கட்சிகளைத் திணறடித்தது. கோரிக்கையில் மார்க்கம் எதுவும் இல்லை. அது முழுக்க நிர்வாக எல்லைப் பிரச்சினை. அதேபோல, 1981 இல் காத்தான்குடியில் உருவான ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸை உலமாக்களின், அதாவது மார்க்க அறிஞர்களின், கட்சி என்று சுருக்கிவிட முடியாது. அதன் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப் ஒரு சட்டத்தரணி. ஒரு கட்சி நீக்கப்படாமலிருக்க எட்டவேண்டிய வெட்டுப்புள்ளி 12.5 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது 1988 இல். அடுத்த ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி 4 ஆசனங்களைப் பெற்றது.

இனி ஆட்சிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 2004 இல் பௌத்த பிக்குகளை மட்டுமே வேட்பாளர்களாக நிறுத்திய ஜாதிக ஹெல உறுமய 9 ஆசனங்களை வென்றது. ஆளும் கூட்டணியிடம் 105 ஆசனங்களே இருந்தன. பெரும்பான்மைக்கு 113 வேண்டும். அப்படியான சபையில் 9 பேரின் எடை மிகப் பெரிது. இருந்தும் அக்கட்சி அதே ஆண்டு கொண்டுவந்த மதமாற்றத் தடைச் சட்டமூலம் சட்டமாகவில்லை. புதிதாக ஒன்றை நிறைவேற்றச் சபையில் வாக்களிப்பவர்களில் பெரும்பான்மையினரின் சம்மதம் தேவை. இருப்பதை மாறாமல் வைத்திருக்க, மாற்ற நினைப்பவர்களைத் தயங்க வைத்தாலே போதும்.

இதற்கு நம் பகுதி நன்கறிந்த உதாரணம் 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். 12 வயதுக்குக் குறைந்த சிறுமியின் திருமணத்தைக்கூடக் காதி எனப்படும் முஸ்லிம் விவாக நீதிபதியின் அனுமதியுடன் பதிவுசெய்ய அது இடம் தந்தது. மணப்பெண்ணின் கையொப்பத்தைக் கேட்கவில்லை. காதி பதவியை ஆண்களுக்கே ஒதுக்கியது. திருத்தங்களைப் பரிந்துரைக்க 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 2018 இல்தான் அறிக்கை தந்தது, அதுவும் இரு அணிகளாகப் பிரிந்து. மார்க்க அறிஞர்களின் அமைப்பான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவின் தலைமை, குறைந்த மாற்றங்களே போதும் என்ற அணியின் பக்கம் நின்றது. பாதிக்கப்பட்ட பெண்கள் நீதிமன்றத்தின் வழியாகச் சட்டத்தை வீழ்த்தவும் வழியில்லை: அரசியலமைப்பின் 16 ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் முன்பிருந்த சட்டங்கள் செல்லும் என்கிறது. எனவே திருத்தம் பாராளுமன்றத்தின் வழியாகவே வரவேண்டும். அங்கே அதை முன்மொழியவேண்டிய முஸ்லிம் உறுப்பினர்களோ மேலே கண்ட விருப்பு வாக்குக் கணக்கில் தெரிவாகி வருபவர்கள்.