நிறம் மாறவில்லை என்றால் காற்று சுத்தம் என்று அர்த்தமில்லை

வேதி ஆவி பட்டதும் நிறம் மாறும் ஒளிர் சேர்மங்களைப் புதியவர்களுக்குக் காட்டும்போது எல்லோருக்கும் உற்சாகம் தொற்றிக்கொள்ளும். வடிதாளில் தேய்த்த மஞ்சள் தூளை 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் வைத்து, அசிட்டோன் குப்பியின் வாயருகே பிடித்தால், ஓரத்தில் தொடங்கி ஆரஞ்சு நிறம் உள்ளே பரவும். உடனே யாராவது கேட்பார்கள்: "இதையே மேசையில் ஒட்டிவிட்டால் போதுமே, காற்றில் உள்ள ஆவியை அளக்கும் கருவி எதற்கு?"

போதாது.

பிளாட்டினம் அணைவுச் சேர்மங்கள் (உலோக அணுவைச் சுற்றி வேறு மூலக்கூறுகளோ அயனிகளோ பிணைந்தவை) பல தட்டையானவை; படிகத்தில் சீட்டுக்கட்டு போல அடுக்கி நிற்கும். அடுத்தடுத்த பிளாட்டினம் அணுக்களின் இடைவெளி சுமார் 3.5 ஆங்ஸ்ட்ராமுக்குக் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) கீழே இறங்கினால் ஒளிர்வு சிவப்புப் பக்கம் நகரும். ஆவி மூலக்கூறுகள் படிக இடுக்கில் புகுந்து இந்த இடைவெளியை மாற்றிவிடுகின்றன. செம்பு அயோடைடும் பிரிடின் என்ற கரிமச் சேர்மமும் சேர்ந்தவை வேறு வகை: நான்கு செம்பு அணுக்கள் கொத்தாக இருந்தால் மஞ்சள் ஒளி, சங்கிலியாக நீண்டால் நீலம். செம்பு மலிவு என்பதால் எனக்கு இதன்மேல்தான் நம்பிக்கை அதிகம்.

இடுக்கில் புக முடிந்த எதுவும் நிறத்தை மாற்றலாம் என்பதால், நிறத்தை மட்டும் பார்த்து இன்ன ஆவி என்று சொல்லிவிட முடியாது. சில சேர்மங்களை ஈரக்காற்றே மாற்றிவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் அளவுதான். 25 டிகிரி செல்சியஸில் மூடிய குப்பிக்குள், திரவத்துக்கு மேலே உள்ள காற்றில் அசிட்டோன் ஏறத்தாழ 30 சதவீதம். அதாவது 3 லட்சம் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு). அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதியின்படி அசிட்டோனுக்கு 8 மணி நேர வேலைக்கான சராசரி உச்சவரம்பு 1000 பிபிஎம். புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனுக்கோ வெறும் 1 பிபிஎம். குப்பி வாயில் பளிச்சென்று மாறிய அதே தாள், வரம்பு தாண்டிய அறையில் மாறாமலே இருக்கலாம். நுண்ணிய அளவைப் பிடிப்பவையும் உண்டு: துத்தநாகமும் தங்கமும் கொண்ட ஒரு சயனைடு சேர்மம் அம்மோனியாவை நூறு கோடியில் ஒரு பங்கு அளவிலேயே காட்டிக்கொடுக்கிறது. ஆகவே ஒவ்வொரு சேர்மத்தையும் தனித்தனியாகத்தான் எடைபோட வேண்டும்.

அப்புறம், ஆவி போனதும் பழைய நிறத்துக்குத் திரும்பும் தாள், மதியம் நடந்த கசிவை மாலையில் காட்டாது. திரும்பாத தாள் நல்ல சாட்சி. ஆனால் ஒருமுறை மாறியபின் அடுத்த கசிவுக்கு உதவாது.

இப்படி ஒன்றை வாங்கும் முன், எந்த ஆவிக்கு, எத்தனை பிபிஎம்மில், எத்தனை நிமிடத்தில், எந்த ஈரப்பதத்தில் மாறும் என்று கேளுங்கள். எண் இல்லாத பதில் வந்தால் அது வேடிக்கை காட்ட மட்டும். புற ஊதா விளக்கில் பார்க்கும்போது அதற்குரிய கண்ணாடி அணியுங்கள்.

சரி, இவற்றுக்கு நல்ல இடமே இல்லையா? இருக்கிறது. குழாய் இணைப்பு, வால்வு, கொள்கலன் மூடி என ஆவி அடர்த்தியாகக் கசியக்கூடிய இடங்களில் ஒட்டிவையுங்கள். எங்கே கசிகிறது என்பதை இவை சட்டென்று காட்டிவிடும். மூச்சுவிடும் உயரத்தில், அளவீடு சரிபார்த்த கருவியே இருக்கட்டும்.