பஸ்டர் கீட்டன் விழுந்தால் ஏன் வலிப்பதில்லை?

மாடியில் ஒரு குளியலறை. கதவைத் திறந்தால் அடுத்த அறை வர வேண்டும். வரவில்லை, வெறும் வானம்தான். புதுமாப்பிள்ளை பஸ்டர் கீட்டன் அதைக் கவனிக்காமல் காலை எடுத்து வெளியே வைக்கிறார். தடாலென்று புல்தரையில் போய் விழுகிறார். நமக்குச் சிரிப்பு வருகிறது.

அமெரிக்க நகைச்சுவை நடிகர் கீட்டன் நடித்து 1920இல் வெளியான 'ஒன் வீக்' என்ற ஊமைப்படத்தில் வரும் காட்சி இது. மொத்தமே இரண்டு ரீல்தான். அந்தக் கால அமெரிக்காவில் பலகைகளுக்கு எண் போட்டு, ஆணி, கதவு எல்லாம் சேர்த்து, முழு வீட்டையும் பெட்டிகளில் அனுப்பி விற்பார்கள். வாங்கியவர் பொருத்திக்கொள்ள வேண்டியதுதான். அப்படியொரு வீடு இந்தத் தம்பதிக்குக் கல்யாணப் பரிசாக வருகிறது. பெண் கிடைக்காத வயிற்றெரிச்சலில் ஒருவன் பெட்டிகளின் எண்களை மாற்றி எழுதிவிடுகிறான். அப்புறம் அந்த வீடு எந்த லட்சணத்தில் எழும்பும்?

சரி, மாடியிலிருந்து ஒரு மனிதர் விழுவதைப் பார்த்தால் நியாயமாக நமக்கு வயிறு கலங்க வேண்டுமே, சிரிப்பு எப்படி வருகிறது? பாதிக் காரணம் கீட்டனின் உடம்பு. மீதிப் பாதி கேமராவின் கைப்பிடியில் இருக்கிறது என்பேன்.

அன்றைய கேமராவில் மோட்டார் கிடையாது. கைத்தையல் மெஷினைப் போல, பக்கவாட்டில் இருக்கும் பிடியைச் சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு 8 பிரேம், அதாவது பிலிமில் 8 தனித்தனிப் படங்கள் நகரும். நொடிக்கு இரண்டு சுற்று, அதாவது 16 பிரேம் என்பது பொதுவான கணக்கு. இந்தப் படத்துக்குக் கேமரா பிடித்த எல்ஜின் லெஸ்லி, பிசகாமல் சீராகச் சுற்றுவதில் பேர்போனவர். வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றிப் பதிவுசெய்து, வழக்கமான வேகத்தில் திரையிட்டால் எல்லாரும் விறுவிறுவென்று ஓடுவார்கள். நகைச்சுவைப் படக்காரர்கள் கூசாமல் செய்த வேலை அது. தியேட்டரில் புரொஜெக்டர் ஓட்டியவர்களும் தங்கள் பங்குக்கு வேகத்தைக் கூட்டினார்கள். 1920களின் கடைசியில் பேசும்படம் வந்து நொடிக்கு 24 பிரேம் என்று நிலைத்துவிட்டதால், பழைய படங்களை அப்படியே 24இல் ஓட்டும்போது இன்னும் வேகம் ஏறிவிடுகிறது. ஆகவே நாம் டிவியில் பார்த்த துள்ளல் ஓட்டத்தில் எது படம் எடுத்தவரின் குறும்பு, எது மெஷினின் கோளாறு என்று பிரிப்பது லேசான காரியமல்ல.

வேகம் கூடினால் எல்லாம் சீக்கிரம் முடியும், அவ்வளவுதானே என்று தோன்றும். அங்கேதான் விஷயமே இருக்கிறது. 5 மீட்டர் உயரத்திலிருந்து விழும் மனிதர் தரையைத் தொட ஏறத்தாழ 1 நொடி ஆகும். 16 பிரேம். அதையே நொடிக்கு 24 பிரேமாக ஓட்டினால் முக்கால் நொடிகூட ஆகாது, 0.67 நொடியில் விழுந்துவிடுவார். நிஜ பூமியில் 0.67 நொடியில் விழக்கூடிய தூரம் 2.2 மீட்டர்தான். படத்தின் வேகம் ஒன்றரை மடங்கானால், திரையில் தெரியும் ஈர்ப்பு ஒன்றரையின் வர்க்கம், அதாவது 2.25 மடங்காகிவிடுகிறது.

ஆனால் பூமியின் ஈர்ப்பு மாறாது என்பது நம் மூளைக்குப் பிறந்த நாள் முதல் பழக்கம். அதனால் அது வேறு மாதிரி கணக்குப் போடுகிறது என்று நினைக்கிறேன்: இவ்வளவு சீக்கிரம் விழுகிறதென்றால் சின்ன உயரத்திலிருந்து விழும் சின்னப் பொருளாக இருக்க வேண்டும். கீட்டனின் உயரம் சுமார் 165 செ.மீ. அதை 2.25ஆல் வகுத்தால் 73 செ.மீ. திரையில் விழுவது அந்த உயரத்துப் பொம்மை. பொம்மைக்கு ஏது வலி?

நம்பிக்கை இல்லையென்றால் கொல்லைப்புறத்தில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்து போனில் வீடியோ எடுத்து, ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். நான் செய்து பார்த்தேன். வாளித் தண்ணீர் தம்ளர் தண்ணீராகச் சுருங்கிவிட்டது. கண்ணுக்கு முன்னால் இருப்பது அதே வாளிதான், ஆனால் தண்ணீர் விழுகிற அவசரம் அதை விளையாட்டுச் சாமானாக்கிவிடுகிறது. இதைத் தலைகீழாகச் செய்வதும் உண்டு. சின்ன மாதிரிக் கட்டடம் இடிவதை அதிக பிரேமில் எடுத்து மெதுவாக ஓட்டினால் நிஜக் கட்டடத்தின் கனம் வந்துவிடும்.

திரையில் பொம்மை, தரையில் மனிதர். 5 மீட்டர் விழுந்தவர் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் தரையை மோதுகிறார். கட்டாந்தரை அவரை 5 செ.மீ.க்குள் நிறுத்தினால் உடம்பு தாங்க வேண்டியது ஈர்ப்பைப் போல 100 மடங்கு. அரை மீட்டர் அமுங்கி நின்றால் 10 மடங்குதான். ஸ்டண்ட்காரர்களின் மெத்தை, அட்டைப்பெட்டி எல்லாமே நிற்கிற தூரத்தை நீட்டும் உபாயங்கள். புல்தரைக்கு அடியில் குழி வெட்டி வைக்கோல் நிரப்பித்தான் விழுந்ததாகக் கீட்டன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அப்படியும் கை வீங்கிப்போனது.

படத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது கடைசியில் வரும் ரயில். வீட்டைத் தவறான மனையில் கட்டிவிட்டார்கள் என்று தெரிந்து, பீப்பாய்களின் மேல் ஏற்றி இழுத்துப் போகும்போது அது தண்டவாளத்தில் மாட்டிக்கொள்கிறது. தூரத்தில் ரயில். நெருங்குகிறது. தம்பதி செய்வதறியாமல் ஒதுங்கி நிற்கிறார்கள். ரயில் வீட்டைத் தொடாமல் பக்கத்துத் தண்டவாளத்தில் விர்ரென்று போய்விடுகிறது.

நாம் ஏமாந்தது கேமராவுக்கு ஒற்றைக் கண் என்பதால். நம் இரண்டு கண்களும் சுமார் 6 செ.மீ. தள்ளியிருந்து இரண்டு கோணங்களில் பார்ப்பதும், தலையை அசைத்தால் கிட்டே உள்ள பொருள் அதிகம் நகர்வதும்தான் ஆழத்தைக் காட்டிக்கொடுக்கும். அசையாமல் நிற்கும் ஒற்றை லென்ஸில் இரண்டுமே இல்லை. முன்னும் பின்னுமாக இருக்கும் இரண்டு தண்டவாளங்கள் மடங்கி ஒன்றாகிவிடுகின்றன. அந்த இடத்தில் நேரில் நின்றிருந்தால், ஒரு அடி நகர்ந்து பார்த்து விஷயத்தைக் கண்டுபிடித்திருப்போம். கேமரா நம்மை நகரவிடவில்லை.

அப்பாடா என்று இருவரும் மூச்சு விடுகிறார்கள். நாமும்தான். இருப்பது எந்தத் தண்டவாளம் என்று இப்போது புரிந்துவிட்டது, ஆபத்து கடந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து எதிர்த்திசையிலிருந்து இன்னொரு ரயில் வந்து வீட்டைச் சுக்குநூறாக்கிவிட்டுப் போகிறது. இந்த முறை லென்ஸ் எதையும் ஒளிக்கவில்லை. வீடு மாட்டிய தண்டவாளத்திலும் ரயில் வரலாம் என்பதை நாமேதான் மறந்துபோனோம்.

கீட்டன் அந்தக் குவியலில் 'விற்பனைக்கு' என்று ஒரு பலகையைச் செருகுகிறார். வீட்டைப் பொருத்தும் முறை அச்சிட்ட தாளையும் மறக்காமல் கூடவே வைத்துவிட்டு, மனைவியின் கையைப் பிடித்து நடக்கிறார்.